எஸ்சிசி தண்ணீரை அதிகம் உறிஞ்சுகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

வைப்ரேட்டர் இல்லாமல் தானாக ஓடி, கம்பி நெரிசலுக்குள் புகுந்து, மூலைமுடுக்கெல்லாம் நிரம்புகிற செல்ஃப் கம்பாக்டிங் கான்கிரீட்டுக்கு (இனிமேல் எஸ்சிசி) ஒரு கனமீட்டருக்கு 380 முதல் 600 கிலோ வரை பவுடர், அதாவது சிமென்டும் அதையொத்த நுண்தூளும், தேவைப்படும். அத்தனையையும் சிமென்டாகவே போட்டால் செலவு ஏறும், உள்ளே சூடேறி விரிசலும் விழும். அதனால் ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்), ஜிஜிபிஎஸ் (இரும்பு உலைக் கசடை அரைத்த தூள்), சிலிகா ஃபியூம் (சிலிக்கான் உலைப் புகையில் பிடித்த நுண்தூள்), மெட்டாகயோலின் (சுட்ட களிமண் தூள்), சுண்ணாம்புக்கல் தூள் என்று ஏதோ ஒரு கனிமப் பவுடர் கட்டாயம் உள்ளே வந்துவிடுகிறது. அப்புறம் 28-ஆம் நாள் சோதனையில் நீர் உறிஞ்சல் எண் கூடிவிட்டால் முதல் பழி அந்தப் பவுடர் மேல்தான். "சாம்பலைக் குறை" என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

பெரும்பாலும் அது அநியாயமான பழி. தண்ணீரை இழுப்பவை பேஸ்டுக்குள் (பவுடரும் தண்ணீரும் சேர்ந்த பசைக்குள்) ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும் நுண்துளைகள். அவற்றை அடைக்கத்தான் பவுடரைப் போடுகிறோம். அடைக்க அதற்கு நாளும் ஈரமும் கொடுத்தோமா, தண்ணீரை ஒழுங்காக அளந்தோமா என்று பார்க்காமல் கலவையில் கை வைத்தால் அடுத்த தடவையும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் ரிசல்ட் எந்த அறிகுறியோடு பொருந்துகிறதோ அங்கே போங்கள். முதல் அறிகுறியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

அறிகுறி 1: பவுடர் சேர்க்காத கன்ட்ரோல் கலவை உட்பட எல்லாமே தாறுமாறாக வருகிறது

இது அநேகமாக அளவீட்டுக் கோளாறு. கணக்கு என்னவோ எளிது: ஊறிய எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்து, உலர்ந்த எடையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 100 மி.மீ. க்யூப் ஒன்று உலர்ந்து 2,340 கிராம், ஊறி 2,450 கிராம் என்றால் 4.7 சதவீதம். அதே க்யூப் ஓவனில் முழுசாக உலராமல் உள்ளே 30 கிராம் ஈரத்தோடு வெளியே வந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது உலர்ந்த எடை 2,370 கிராம், விடை 3.4 சதவீதம். கான்கிரீட் கொஞ்சமும் மாறவில்லை, எண் மட்டும் 'நல்ல' எண்ணாகிவிட்டது. இதில் ஒரு விஷமம் இருக்கிறது: கலவை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மெதுவாகத்தான் உலரும். சிலிகா ஃபியூம் போட்ட க்யூபையும் கன்ட்ரோல் க்யூபையும் ஒரே 24 மணி நேரத்தில் வெளியே எடுத்தால் சிலிகா ஃபியூம் க்யூப் தன் தகுதிக்கு மேலேயே மார்க் வாங்கிவிடும்.

மணியைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போட்டு, இரண்டு எடைக்கும் வித்தியாசம் 0.5 சதவீதத்துக்குள் வரும் வரை உலர்த்தச் சொல்கிறது அமெரிக்கச் சோதனை நெறியான ஏஎஸ்டிஎம் சி642. 2,340 கிராமுக்கு 0.5 சதவீதம் என்றால் 11 கிராமுக்கு மேல், அதாவது உங்கள் விடையில் அரை சதவீதம். இரண்டு கலவைகளை ஒப்பிடுகிற வேலைக்கு அது போதாது. 0.1 சதவீதத்துக்குள் வரும் வரை விடுங்கள் என்பேன். ஊற வைக்கும்போதும் இதே பொறுமை வேண்டும். எடுத்த உடனே ஈரத்துணியால் மேல்நீரை ஒற்றி எடுத்துவிட்டு எடை போடுங்கள். சொட்டச் சொட்டத் தராசில் வைத்தால் 10 கிராம் சும்மாவே கூடும்.

அப்புறம், எந்த முறை என்பதைப் பாருங்கள். பிரிட்டிஷ் நெறியான பிஎஸ் 1881 பகுதி 122-இல் 75 மி.மீ. விட்டமுள்ள கோரை (கான்கிரீட்டைத் துளைத்து எடுத்த உருளைத் துண்டு) 30 நிமிடம் மட்டுமே முக்குகிறார்கள். சி642-இல் குறைந்தது 48 மணி நேரம் ஊறும், அதற்கு மேல் 5 மணி நேரம் கொதிக்கவும் வைக்கிறார்கள். ஒன்றில் வந்த எண்ணை இன்னொன்றின் வரம்போடு ஒப்பிட்டுக் கலவையை நிராகரிப்பது அடிக்கடி நடக்கிறது, நடக்கக் கூடாது. பேவர் பிளாக்குக்கு இந்திய நெறியான ஐஎஸ் 15658 சொல்லும் 6 சதவீத வரம்பை எஸ்சிசி சுவருக்குப் பொருத்திப் பார்ப்பதும் அப்படித்தான்.

அளவீடு சரி, ஆனாலும் எல்லாமே கூடுதல் என்றால் ஜல்லியையும் மணலையும் பாருங்கள். 1,700 கிலோ ஜல்லியும் மணலும் தம்மளவில் 2 சதவீதம் உறிஞ்சினால் அதுவே 34 லிட்டர், கான்கிரீட்டின் எண்ணில் கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம். பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லி என்றால் கேட்கவே வேண்டாம். இதில் பவுடருக்கு எந்தப் பங்கும் இல்லை.

அறிகுறி 2: ஃப்ளை ஆஷ் கலவை 28-ஆம் நாளில் கன்ட்ரோலைவிட அதிகம் உறிஞ்சுகிறது

நூறு பேர் கேட்டால் எண்பது பேர் கேட்பது இதைத்தான். சாம்பல் தானாக வினை புரியாது. சிமென்ட் வினை புரியும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடை எடுத்துக்கொண்டுதான் அது ஜெல்லாக மாறும், அதுவும் மெதுவாக. அதுவரை அது வெறும் நிரப்பி. 350 கிலோ சிமென்ட், 150 கிலோ சாம்பல், 175 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கலவையை எடுங்கள். நீர்-பவுடர் விகிதம் 0.35, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் முதல் சில வாரம் வேலை செய்வது சிமென்ட் மட்டும் என்பதால் நிஜத்தில் உங்கள் கையில் இருப்பது 0.50 பேஸ்ட்.

அந்த 0.50-க்கு என்ன அர்த்தம்? சாதாரண சிமென்ட் பேஸ்டில் நுண்துளைகளின் தொடர்பு அறுபட எத்தனை நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று பவர்ஸும் கூட்டாளிகளும் 1959-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். நீர்-சிமென்ட் விகிதம் 0.40 என்றால் 3 நாள், 0.45 என்றால் 7 நாள், 0.50-க்கு 14 நாள், 0.60-க்கு 6 மாதம், 0.70-க்கு ஒரு வருடம், அதற்கு மேல் போனால் எவ்வளவு க்யூரிங் செய்தாலும் அறுபடாது. எந்த மாற்றுப் பவுடரும் இல்லாத பேஸ்டுக்கான கணக்கு இது, ஆனாலும் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருங்கள், கீழேயும் வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது: தீர்ப்பைத் தள்ளிப்போடுங்கள். அதே வார்ப்பில் 56, 90 நாளுக்கு க்யூப் எடுத்து வையுங்கள். நல்ல சாம்பல், நல்ல க்யூரிங் என்றால் 90-ஆம் நாளில் எண் இறங்கியிருக்கும், பல நேரம் கன்ட்ரோலுக்குக் கீழேயே போயிருக்கும். சாம்பல் கலவையை 28 நாளில் ஒப்பிட்டுத் தோல்வி என்று அறிக்கை எழுதுவதை மாணவர்கள் நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

90 நாளிலும் இறங்கவில்லையா? மூன்று சந்தேகம். முதலாவது, பையில் இருந்தது பிபிசி, அதாவது சாம்பல் கலந்தே வரும் சிமென்ட். ஐஎஸ் 1489-இன்படி அதில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். 30 சதவீதம் சாம்பல் இருக்கும் பிபிசியை எடுத்து, அதில் 35 சதவீதத்தை மறுபடி சாம்பலால் மாற்றினால் மொத்தப் பவுடரில் பாதிக்கு மேல், 54.5 சதவீதம், சாம்பல் ஆகிவிடுகிறது. கால்சியம் ஹைட்ராக்சைடு போதாது, மிச்சச் சாம்பல் கடைசிவரை நிரப்பியாகவே உட்கார்ந்திருக்கும். எஸ்சிசியில் சாம்பலை நீங்களே சேர்ப்பதென்றால் ஓபிசி (சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட்) வாங்குங்கள், இதில் சமரசம் வேண்டாம். இரண்டாவது, சாம்பல் கரடு. ஐஎஸ் 3812 பகுதி 1-இன்படி 45 மைக்ரான் சல்லடையில் 34 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. மின் நிலையக் குட்டையில் தேங்கிய ஏரிச் சாம்பலைக் காயவைத்துக் கொண்டுவந்தால் அது இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. மூன்றாவது க்யூரிங், அதற்கு அடுத்த அறிகுறிக்கு வாருங்கள்.

கெடு 28 நாள்தான், காத்திருக்க முடியாது என்றால் சாம்பலோடு 5 முதல் 7 சதவீதம் சிலிகா ஃபியூமோ, 10 சதவீதம் அளவுக்கு மெட்டாகயோலினோ சேர்த்து மூன்று பவுடர் கலவையாகப் போங்கள். அவை இரண்டும் சீக்கிரம் வினை புரிபவை. முதல் மாதத்தை அவை தாங்கிக்கொள்ள, அதற்குப் பிந்தைய காலத்தைச் சாம்பல் பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி 3: லேப் க்யூப் நன்றாக இருக்கிறது, சைட்டில் எடுத்த கோர் மோசம்

லேப் க்யூப் 27 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் 28 நாள் சுகமாகக் கிடந்தது. சுவருக்கு மறுநாளே பலகை கழற்றிவிட்டார்கள், கத்திரி வெயில், காற்று, பேருக்கு இரண்டு வேளை பைப்பில் தண்ணீர். இரண்டும் ஒரே கலவைதான், ஆனால் ஒரே கான்கிரீட் இல்லை.

உறுதி செய்ய ஒரு நல்ல வழி உண்டு. கோரை வெளிமுகத்திலிருந்து துண்டு துண்டாக அறுங்கள். வெளி 50 மி.மீ. ஒரு வில்லை, அதற்கு உள்ளே 50 மி.மீ. இன்னொரு வில்லை. இரண்டிலும் சார்ப்டிவிட்டி, அதாவது தண்ணீர் ஏறும் வேகம், பாருங்கள். வெளி வில்லை அதிகமாக இழுத்து, உள் வில்லை லேப் எண்ணுக்கு அருகில் வந்தால் வழக்கு முடிந்தது: கலவை நல்லது, க்யூரிங் கெட்டது. இரண்டு வில்லையும் ஒரே மாதிரி மோசம் என்றால் சைட்டில் லாரிக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கம்பியைக் காப்பாற்றுவது அந்த வெளி 40, 50 மி.மீ. கவர்தான். உப்பும் ஈரமும் அந்த வழியாகத்தான் வரும். உள்ளே எவ்வளவு அடர்த்தி என்று பெருமைப்பட்டுக்கொள்வதில் கம்பிக்கு ஒரு லாபமும் இல்லை.

ஜிஜிபிஎஸ் அதிகம் போட்ட கலவையில் இந்தக் கோளாறு இன்னும் கூர்மையாகத் தெரியும். கோரை உடைத்துப் பார்த்தால் உள்ளே லேசான நீலப்பச்சை நிறம் இருக்கும். கசடில் உள்ள சல்ஃபைடால் வருவது அது, காற்றுப் பட்டதும் மங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. வெளி ஓரம் மட்டும் வெளுத்து, ஃபினால்ஃப்தலீன் தெளித்தால் அந்த ஓரம் இளஞ்சிவப்பு ஆகாமல் நிற்கிறதென்றால் கார்பனேஷன் (காற்றின் கார்பன் டை ஆக்சைடு பேஸ்டின் காரத்தன்மையைக் குறைப்பது) இறங்கியிருக்கிறது. ஓபிசி பேஸ்டில் கார்பனேஷன் துளைகளைக் கொஞ்சம் அடைக்கும், ஆனால் கசடு அதிகமுள்ள பேஸ்டில் துளைகளைப் பெரிதாக்கும். அதனால்தான் க்யூரிங் கெட்ட ஜிஜிபிஎஸ் சுவரின் மேல்தோல் நாளாக ஆகத் தேறுவதற்குப் பதில் இன்னும் கெடுகிறது.

ஐஎஸ் 456 சாதாரண சிமென்டுக்கு 7 நாளும், கலப்புச் சிமென்டோ கனிமப் பவுடரோ இருந்தால் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது, 14 நாள் வரை நீட்டப் பரிந்துரைக்கிறது. எஸ்சிசியில் 14 நாளையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையை முடிந்தவரை தாமதமாகக் கழற்றுங்கள், கழற்றின கையோடு ஈரச்சாக்கு, அதன்மேல் பாலிதீன். சாக்கு காய்ந்து மறுபடி நனைந்து மறுபடி காய்வதைவிட, பாலிதீனால் இறுகச் சுற்றி ஈரம் போகாமல் வைப்பது மேல்.

அறிகுறி 4: முக்கிப் பார்த்தால் அதிகம், சார்ப்டிவிட்டி குறைவு

இதைப் பார்த்துப் பலர் சோதனையே தப்பு என்று நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்வி கேட்கின்றன. முக்கி எடுக்கும் சோதனை மொத்தம் எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்று கேட்கிறது. சார்ப்டிவிட்டி அந்த இடத்துக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கேட்கிறது.

ஏஎஸ்டிஎம் சி1585 செய்கிற விதத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். 100 மி.மீ. விட்டம், 50 மி.மீ. தடிமன் வில்லை. பக்கங்களை எபாக்ஸியோ டேப்போ போட்டு அடைத்துவிட்டு, மேல்முகத்தைப் பாலிதீனால் மூடி, அடிமுகம் மட்டும் 1 முதல் 3 மி.மீ. தண்ணீரில் நிற்கும்படி வைக்கிறோம். 1, 5, 10, 20, 30, 60 நிமிடத்தில் எடை, பிறகு 6 மணி நேரம் வரை மணிக்கொரு எடை. கூடிய கிராமை முகப்பரப்பால் வகுத்தால் மி.மீ. வரும். இந்த வில்லையில் 8 கிராம் கூடினால் சுமார் 1 மி.மீ. அதை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் சாய்வுதான் சார்ப்டிவிட்டி.

எஸ்சிசியில் பேஸ்ட் அதிகம், ஒரு கனமீட்டரில் 300 முதல் 380 லிட்டர். துளை இருப்பது பேஸ்டில் என்பதால் மொத்தக் காலியிடம் வைப்ரேட்டர் போட்ட கான்கிரீட்டைவிடக் கூடித்தான் இருக்கலாம். ஆனால் பவுடர் நிரம்பித் துளைகள் சிறுத்து, ஜல்லியைச் சுற்றியிருக்கும் பலவீனமான வளையமும் இறுகிவிட்டால் ஏறும் வேகம் குறைந்துவிடும். ஆக இந்த அறிகுறி கெட்ட செய்தியே இல்லாமல் இருக்கலாம். உறிஞ்சல் வரம்பு மட்டும் எழுதிய டெண்டர் இருந்தால் சார்ப்டிவிட்டி எண்ணையும் சேர்த்துக் காட்டி ஆலோசகரிடம் பேசுங்கள், பேச வேண்டிய நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது.

எடை விகிதமும் ஏமாற்றும். சிமென்டின் ஒப்படர்த்தி 3.15, சாம்பலுக்கு 2.0 முதல் 2.4-க்குள். சாம்பல் கூடக் கூடக் கான்கிரீட் எடை இறங்கும். இரண்டு கலவையும் கனமீட்டருக்கு ஒரே 110 லிட்டர் உறிஞ்சினாலும், 2,350 கிலோ உள்ளதில் 4.7 சதவீதம் வரும், 2,200 கிலோ உள்ளதில் 5.0 வரும். கன அளவு விகிதத்தில் ஒருமுறை மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் காணாமல் போகலாம்.

மூன்றாவது காரணம் காற்றுக் குமிழி. கான்கிரீட்டை ஓட வைக்கச் சேர்க்கும் பாலிகார்பாக்சிலேட் அட்மிக்சர்களில் சில காற்றை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், கலவை கெட்டியாக இழுபட்டால் அது வெளியேறாது. பெரிய குமிழி தண்ணீரை இழுக்காது, ஆனால் கொதிக்க வைக்கும்போது நிரம்பிவிடலாம். அறுத்த முகத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்ட ஓட்டைகள் இருந்தால் இதுதான். அட்மிக்சர் தருபவரிடம் காற்றுக் குறைக்கும் வகை கேளுங்கள், டி500 நேரத்தையும் (கலவை 500 மி.மீ. வட்டமாகப் பரவ எடுக்கும் நேரம்) பாருங்கள்.

அறிகுறி 5: மொத்த உறிஞ்சல் குறைவு, ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாக ஏறுகிறது

மேல்தோலில் மெல்லிய விரிசல். சிலிகா ஃபியூம் கலவையில் அதிகம் பார்க்கலாம். அந்தத் தூள் துகள் சராசரியாக 0.1 முதல் 0.2 மைக்ரான்தான். அத்தனை நுண்மை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ப்ளீடிங் (தண்ணீர் மேலே கசிந்து வருவது) கிட்டத்தட்ட இருக்காது. மேலே நீர்ப்படலம் வராத ஸ்லாபில் வெயிலும் காற்றும் அடித்தால் கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே மேல்முகம் சுருங்கிக் கீறிவிடும். வார்த்த கையோடு மூடுங்கள், நீர்த்திவலை தெளியுங்கள், முடிந்தால் மாலையில் வாருங்கள். கிராஃபில் புள்ளிகள் நேர்கோட்டில் விழாமல் ஆரம்பத்தில் வளைந்து நின்றால் அந்த வில்லையின் சாய்வை எண்ணாக எழுதவே வேண்டாம். ஒட்டுறவுக் கெழு 0.98-க்குக் குறைந்தால் சி1585-உம் அதை ஏற்பதில்லை.

அறிகுறி 6: பவுடரைக் கூட்டக் கூட்ட முதலில் குறைந்தது, அப்புறம் ஏறுகிறது

சிலிகா ஃபியூம் 5, 8 சதவீதத்தில் நன்றாக இருந்து 12, 15-இல் கெடுகிறதென்றால் அது சரியாகப் பரவவில்லை. கடையில் வருவது பெரும்பாலும் இறுக்கிய வகை, சிறு சிறு உருண்டைகளாக இருக்கும். மிக்ஸரில் உடையவில்லை என்றால் உருண்டையாகவே கான்கிரீட்டுக்குள் தங்கிவிடும். ஜல்லியோடும் கொஞ்சம் தண்ணீரோடும் முதலில் போட்டுச் சுற்றவிடுங்கள், ஜல்லியே அதை அரைத்துவிடும். சிமென்டையும் அட்மிக்சரையும் அதற்குப் பின்னால் போடுங்கள். லேபில் சின்ன டிரம் மிக்ஸரில் இரண்டு நிமிடம் சுற்றிவிட்டு சிலிகா ஃபியூமைக் குறை சொல்லாதீர்கள்.

மெட்டாகயோலினில் வேறு கதை. அது ஓட்டத்தைச் சட்டென்று குறைக்கும். ஸ்லம்ப் ஃப்ளோ (கூம்பைத் தூக்கியதும் கலவை பரவும் வட்டத்தின் விட்டம்) 650 மி.மீ.க்கு வரவில்லை என்று யாராவது அட்மிக்சருக்குப் பதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள், அந்த வாளிதான் உறிஞ்சல் எண்ணில் திரும்பி வருகிறது. ஒவ்வொரு அளவுக்கும் தண்ணீரை மாற்றாமல், ஒரே ஓட்டம் வரும் வரை அட்மிக்சரை மட்டும் கூட்டிச் செய்த ஒப்பீடுதான் ஒப்பீடு.

நெல் உமிச் சாம்பலைப் பலர் முயல்கிறார்கள், டெல்டா பக்கத்து ரைஸ் மில்களில் மலிவாகக் கிடைக்கிறது என்பதால். பாய்லரில் கட்டுப்பாடில்லாமல் எரிந்து கறுப்பாக வரும் சாம்பலில் கரி அதிகம், அதிக சூட்டில் எரிந்த பகுதியில் சிலிகா படிகமாகி வினைத்திறனை இழந்திருக்கும். துகளே உள்ளுக்குள் பஞ்சு மாதிரித் துளைத்துளையாக இருக்கும். அதனால் அரைக்காமல் போட்டால் இந்த ஒரு பவுடர் மட்டும் நிஜமாகவே தண்ணீரைக் குடிக்கும். நன்றாக அரைத்து, 10 சதவீதத்துக்கு அருகில் நிறுத்திப் பாருங்கள்.

அறிகுறி 7: ஒரே தூணில் மேல்பகுதி கோர் அதிகம், அடிப்பகுதி குறைவு

கலவை பிரிந்துவிட்டது. ஜல்லி கீழே, தண்ணீரும் பேஸ்டும் மேலே. சல்லடைப் பிரிவுச் சோதனையில் சல்லடை வழியே இறங்குவது 15 சதவீதத்தைத் தாண்டுகிறதா பாருங்கள், ஸ்லம்ப் ஃப்ளோ வட்டத்தின் விளிம்பில் ஜல்லியில்லாத நீர் வளையம் தெரிகிறதா பாருங்கள். நுண்மையான பவுடரைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லையென்றால் பிசுபிசுப்பைக் கூட்டும் விஎம்ஏ சேருங்கள், அட்மிக்சரை ஒரு படி இறக்குங்கள்.

அறிகுறி 8: சுண்ணாம்புக்கல் தூளோ கிரானைட் தூளோ போட்டது, நீர்-பவுடர் விகிதம் 0.35, ஆனாலும் உறிஞ்சல் அதிகம்

300 கிலோ சிமென்ட், 200 கிலோ சுண்ணாம்புக்கல் தூள், 175 லிட்டர் தண்ணீர். பவுடர் கணக்கில் 0.35, சிமென்ட் கணக்கில் 0.58. சாம்பலாவது ஒருநாள் வினை புரியும். கிரானைட் தூள் என்றைக்கும் புரியாது, சுண்ணாம்புக்கல்லும் மிகக் கொஞ்சம்தான். துகள்களுக்கு நடுவே நிரம்பி ஓட்டத்தையும் அடர்த்தியையும் தருவது உண்மை, ஆனால் நுண்துளையின் கதையை எழுதுவது நீர்-சிமென்ட் விகிதம். மேலே சொன்ன வரிசையில் 0.60-க்கு 6 மாதம் என்று இருந்ததே, அதன் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். ஐரோப்பிய இஎன் 206 சாம்பலுக்கே, அதுவும் ஓர் அளவு வரை, 0.4 பங்குதான் சிமென்டாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வினை புரியாத தூளுக்குப் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தூளின் ஒரு பகுதியை ஜிஜிபிஎஸ்ஸாக மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எம்-சாண்டில் வரும் மாவும் இந்தக் கணக்கில் சேரும், ஏனென்றால் எஸ்சிசியில் 0.125 மி.மீ.க்குக் கீழே இருப்பதெல்லாம் பவுடர்தான். அந்த மாவில் களிமண் கலந்திருந்தால் அட்மிக்சரை விழுங்கும், தண்ணீர் கேட்கும். களிமண்ணைக் காட்டிக்கொடுக்கும் மெத்திலீன் ப்ளூ சோதனை செய்து பார்க்காமல் எம்-சாண்ட் மாவை இலவசப் பவுடர் என்று நம்பாதீர்கள்.

அறிகுறி 9: ஒரு லோடு நன்றாக இருக்கிறது, அடுத்த லோடு கெடுகிறது

முதலில் மணல் ஈரம். 850 கிலோ மணலில் 4 சதவீதம் ஈரம் இருந்து, அதைக் கழிக்காமல் விட்டால் 34 லிட்டர் கூடுதல். அறிகுறி 2-இல் சொன்ன கலவையில் 175 லிட்டர் 209 ஆகிறது, நீர்-சிமென்ட் 0.50-இலிருந்து 0.60-க்குப் போகிறது. 14 நாள் க்யூரிங்கில் அறுபட வேண்டிய துளைத் தொடர்பு 6 மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. மழை பெய்த மறுநாள் காலை முதல் லோடுக்கு முன்னால் ஈரம் பார்க்காத பிளான்டில் எந்தப் பவுடரும் உங்களைக் காப்பாற்றாது.

மணல் சரி என்றால் சாம்பல் டேங்கர் எங்கிருந்து வந்தது என்று சீட்டைப் பாருங்கள். மேட்டூர், வடசென்னை, தூத்துக்குடியில் எரிவது நிலக்கரி, நெய்வேலியில் லிக்னைட். நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம், அதன் போக்கே வேறு. ஒரே நிலையத்திலும் புகைவடிகட்டியின் முதல் வரிசையில் விழுவது கரடு, கடைசி வரிசையில் விழுவது நயம். எரியாத கரி கூடியிருந்தால் வார்த்த ஸ்லாபின் மேல் கறுப்புப் படலம் மிதக்கும், அட்மிக்சர் திடீரென்று பத்தாமல் போகும், உடனே யாரோ தண்ணீர் ஊற்றுவார்கள். எரிப்பிழப்பு (சாம்பலைச் சுட்டால் குறையும் எடை) 5 சதவீதம் என்பது ஐஎஸ் 3812 பகுதி 1-இன் வரம்பு. டேங்கருக்கு டேங்கர் 1-க்கும் 4-க்கும் நடுவே ஆடினால் வரம்புக்குள் இருந்தாலும் உங்கள் கலவை ஆடும்.

ஒவ்வொரு டேங்கரிலிருந்தும் 2 கிலோ சாம்பலைக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து, தேதி, நிலையம், சீட்டு எண் எழுதி, 90-ஆம் நாள் ரிசல்ட் வரும் வரை பத்திரமாக வையுங்கள். எண் கெட்டுப்போன லோடின் டப்பாவைத் திறந்து 45 மைக்ரான் சல்லடையில் கழுவி, எரிப்பிழப்பும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கலவையில் கை வையுங்கள்.